முன்னே பத்தடி, பின்னே பத்தடி

பாலம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியும் என்று நான் சொன்னால் அது பொய். தெரியாது என்று சொன்னால் அதுவும் பொய். முப்பது வருஷமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவள் ஒரு காருக்குள் ஏறி உட்கார்ந்து, அதை ஸ்டார்ட் செய்து, பத்தடி முன்னே விட்டு, பத்தடி பின்னே எடுத்து, நிறுத்திவிட்டு இறங்கினாள். அவளுடைய ஓட்டம் அவ்வளவுதான். பெரிய ரோட்டுக்கு ஒரு நாளும் அதைக் கொண்டுபோனதில்லை. மூன்றாவது கியர் என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது.

கார்களைப் பற்றி எனக்கும் ஒரு மண்ணும் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. நான் சோதிலிங்கம், ஓய்வுபெற்ற ஆசிரியர். வடக்கே சாவகச்சேரியிலிருந்து மலைநாட்டில் புசல்லாவைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு வருஷம் படிப்பிக்கலாம் என்று வந்து, திரும்பிப் போக மறந்தவன். ஆனால் அந்தக் காரைப் பற்றி யாராவது என் முன்னால் வாய் திறந்து அளந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காரணம், அந்தக் கதையில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது. பெருமைப்படக்கூடிய பங்கு அல்ல.

பாலம்மா அந்தத் தோட்டத்து லயத்திலேயே, தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தவள். கட்டிய புருஷன் காளிமுத்துவுக்குத் தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் வேலை. டன்பார் துரை கல்யாணம் செய்யாதவர். அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் அந்தக் கார்தான். இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த 1951ஆம் ஆண்டு எம்.ஜி. பச்சை நிறம், துணிக்கூரை, இரண்டே இரண்டு பேருக்கு இடம். கண்டிக்குப் போனாலும் நுவரெலியாவுக்குப் போனாலும் துரைதான் ஓட்டுவார். காளிமுத்துவுக்குக் கழுவித் துடைக்கிற வேலை மட்டும். 1971இல் காளிமுத்து காய்ச்சலில் செத்துப்போனபோது, அந்தத் துணியையும் வாளியையும் துரை பாலம்மாவிடம் கொடுத்தார். ஒரு பொம்பிளை கார் கழுவுகிறாள் என்று லயத்தில் கொஞ்ச நாள் சிரித்தார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிள்ளை குட்டியும் இல்லை, வேறு பிடிமானமும் இல்லை.

1975இல் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. துரைமார் ஒவ்வொருவராக மூட்டை கட்டினார்கள். பங்களா வேலைக்காரருக்குப் புதிய நிர்வாகம் ஒரு சதமும் கொடுக்காது என்று டன்பார் துரைக்குத் தெரிந்திருக்கிறது. கதிரை, அலுமாரி, கட்டில் எல்லாவற்றையும் விற்றவர், காரை மட்டும் கேட்டு வந்தவர்களுக்குக் கொடுக்கவில்லை. பாலம்மாவைக் கூப்பிட்டு, அது இனி உன்னுடையது என்று சொல்லியிருக்கிறார். ஒரு கிழமை முழுக்கப் பக்கத்தில் உட்காரவைத்து, எப்படி உசுப்புவது, எப்படி முன்னே விடுவது, எப்படிப் பின்னே எடுப்பது என்று காட்டிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை தோறும் இதைச் செய்யாவிட்டால் கார் செத்துவிடும் என்றாராம். பிறகு பதிவுப் புத்தகத்தையும், தன் கையெழுத்துப் போட்ட உரிமை மாற்றும் படிவத்தையும் அவள் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அந்தப் படிவத்தில் விற்பவர் கையெழுத்து இருந்தது. வாங்குபவர் பேர் எழுதும் இடம் வெறுமையாக இருந்தது. இதை எங்கள் நாட்டில் ஓபன் பேப்பர் என்பார்கள். பேர் எழுதாமலே கார்கள் நாலு கை மாறும், ஐந்து கை மாறும். கடைசியில் எவன் தன் பேரை எழுதி வாகனப் பதிவுக் கந்தோருக்கு அனுப்புகிறானோ அவன்தான் சொந்தக்காரன். நடுவில் இருந்தவர்கள் யாரும் புத்தகத்தில் இருக்க மாட்டார்கள்.

அடுத்த நாள் பின்னேரம் பாலம்மா அந்தப் படிவத்தோடு என் குவாட்டர்ஸுக்கு வந்தாள். வாசலில் நின்றபடியே நீட்டினாள்.

“ஐயா, இந்த எடத்துல என் பேர எழுதணும்னு தொர சொன்னாருங்க. எழுதித் தாங்க.”

நான் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தை அரசாங்கம் பொறுப்பேற்கப் போகிறது என்று கதை அடிபட்ட நேரம் அது. எனக்கு அரசாங்க உத்தியோகம் கிடைக்க இருந்தது. வெள்ளைக்காரன் விட்டுப்போன காரை ஒரு தோட்டத்துப் பொம்பிளையின் பேருக்கு மாற்றிய எழுத்து யாருடையது என்று நாளைக்கு எவனாவது கேட்டால் நான்தான் அகப்படுவேன் என்று என் புத்தி கணக்குப் போட்டது.

“உனக்குப் பிரஜாவுரிமை இருக்கோ?” என்று கேட்டேன். இந்தியாவிலிருந்து வந்த வம்சம் என்று தோட்டத்து ஆட்கள் பலருக்கு அப்போது அது இல்லை. அந்த நாளில் நாங்கள் தோட்டத்து ஆட்களை நீ என்றுதான் கூப்பிட்டோம். வெட்கப்படவும் இல்லை.

“இல்லைங்க. எழுதிப் போட்டிருக்கு. பதிலு வரல.”

“அப்ப பேர் போடக்கூடாது. பிரஜாவுரிமை இல்லாத ஆளின்ர பேரைப் போட்டால் காரை அரசாங்கம் எடுத்துப்போடும். இடத்தை வெறுமையா விடு. உரிமை கிடைச்சாப் பிறகு பாப்பம்.”

அப்படி ஒரு சட்டம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. யாரிடமும் கேட்கவும் இல்லை. வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவள் படிவத்தை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டாள்.

பிரஜாவுரிமை கிடைக்க இருபத்தொன்பது வருஷம் ஆனது.

அதுவரை அவள் கொழுந்து பறித்தாள். காரைப் பார்த்துக்கொண்டாள். பங்களாவுக்குக் கீழே இருந்த பழைய மாட்டுக்கொட்டிலில் கார் நின்றது. புசல்லாவையின் குளிரும் மூடுபனியும் எதையும் சும்மா விடாது. அலுமாரிக்குள் வைத்த சேலையே பூஞ்சணம் பிடிக்கும். பாலம்மா தேயிலை ஃபெக்டரியில் கழிவுத் தூளைக் கேட்டு வாங்கி, பழைய கோதுமை மாப் பைத் துணியில் சின்னச் சின்னப் பொட்டலமாகத் தைத்து, இருக்கைக்குக் கீழே, கதவுக்குப் பின்னால், தரையில் என்று காருக்குள் முப்பது நாற்பது பொட்டலம் அடுக்கி வைப்பாள். காய்ந்த தேயிலைத் தூள் ஈரத்தை எப்படிக் குடிக்கும் என்பதை ஃபெக்டரியில் வேலை செய்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை பொட்டலங்களை எல்லாம் எடுத்து அடுப்பு மேட்டில் காயவைத்து, பின்னேரம் திரும்பவும் அடுக்குவாள். தோல் இருக்கைக்குத் தேங்காயெண்ணெய். இரும்புக்கு மண்ணெண்ணெய்த் துணி. பற்றரியைத் தலையில் சுமந்துகொண்டு டவுனுக்குப் போய்ச் சார்ஜ் போட்டு வருவாள். பெற்றோல் ஒரு போத்தல், சில வேளை அரைப் போத்தல்.

“ஏன் இந்தப் பாடு? வித்துத் துலைக்கலாமே,” என்று நானே கேட்டிருக்கிறேன்.

“எப்பிடிங்க விக்கிறது? பேரே இல்லாத எடத்துல நான் யாருன்னு சொல்லி விக்கிறது? திருடிட்டு வந்தேன்னு சொல்ல மாட்டாங்களா?”

நான் என் தேத்தண்ணியைக் குடித்தேன்.

எண்பத்து மூன்றில் கலவரம் வந்தபோது தேயிலைச் செடிகளில் கவ்வாத்து வெட்டிய மிலாறுக் குச்சிக் கட்டுகளைக் காரைச் சுற்றிக் கூரை வரைக்கும் அடுக்கி அதை ஒரு விறகுக் குவியலாக்கிவிட்டு, அவள் சனத்தோடு மேல்மலைக் காட்டுக்குள் போய் இருந்தாள். லயத்தில் நாலு வீடு எரிந்தது. விறகை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைதான் கார் உசுப்பப்படாமல் கிடந்ததாம். அதைச் சொல்லும்போதுகூட அவளுக்கு ஒரு குற்ற உணர்ச்சி.

2004இல் அடையாள அட்டை கையில் கிடைத்தது. அவளுக்கு அப்போது அறுபது. அதைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டு, “இப்ப எழுதலாங்களா ஐயா?” என்றாள். நான் எதைப் பற்றிக் கேட்கிறாள் என்று ஒரு கணம் விளங்காமல் முழித்தேன். அவளோ நேற்றுத்தான் என் வாசலுக்கு வந்து போனவள் மாதிரி நின்றாள். பார்ப்பம், விசாரிப்பம் என்று இழுத்தேன். இழுத்தபடியே ஒரு வருஷத்தைப் போக்கினேன். சோம்பேறித்தனம், வேறென்ன.

அடுத்த வருஷம் மழைக்கு லயத்துக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விழுந்தது. அரசாங்கக் கச்சேரியிலிருந்து ஆட்கள் வந்து பார்த்து, எல்லோரும் காலி செய்ய வேண்டும் என்றார்கள். பிள்ளைகள் உள்ளவர்கள் பிள்ளைகளிடம் போனார்கள். பாலம்மாவுக்குப் போக இடமில்லை. பெரிய ரோட்டுக்குக் கீழே எட்டுப் பேர்ச் அளவு காணியோடு இரண்டு அறை வீடு ஒன்று விலைக்கு இருந்தது. விற்கிற மனிதர் கொழும்புக்குப் போகிற அவசரத்தில் இருந்தார். மாத முடிவு வரைக்கும் பொறுப்பேன், அதற்குமேல் ஒரு நாளும் இல்லை என்று சொல்லிவிட்டார்.

அப்போதுதான் கார் விற்பனைக்கு வந்தது. பத்திரிகை விளம்பரத்தை ஆங்கிலத்தில் நான் எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் நாளே கண்டியிலிருந்து டொக்டர் வரதராசா வந்தார். பல் டொக்டர். எங்கள் வடக்குப் பக்கத்து ஆள்தான், ஊர் கொக்குவில். பழைய கார் வைத்திருப்பவர்களின் சங்கத்தில் இருப்பவர். காரைச் சோதிக்கக் கட்டுகஸ்தோட்டையிலிருந்து பஹ்மி என்ற மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

பஹ்மி ஒரு மணித்தியாலம் காருக்குக் கீழேயும் மேலேயும் கிடந்தார். கதவைத் திறந்து மூடினார். விரலால் தட்டிப் பார்த்தார். தேயிலைப் பொட்டலம் ஒன்றை எடுத்து மணந்து பார்த்தார். பிறகு எழும்பிக் கையைத் துடைத்துக்கொண்டு பாலம்மாவைத்தான் பார்த்தார், டொக்டரை அல்ல.

“டொக்டர், இந்த வாகனத்துக்கு உள்ளுக்குச் சட்டமெல்லாம் மரம். இந்த ஊர்க் குளிருக்கு அஞ்சு வருஷத்தில உழுத்துக் கொட்டியிருக்கணும். ஒரு எடத்தில கூட உழுப்பு இல்ல. இது சும்மா கெடந்த வாகனம் இல்ல. ஆரோ கையால பாத்திருக்காங்க.”

டொக்டரின் கண்ணில் ஆசை தெரிந்தது. மறைக்கவும் தெரியாத மனிதர். பாலம்மா மனதில் வைத்திருந்ததற்கு மேலேயே விலை சொன்னார். வீட்டுக்கும் போதும், மிச்சமும் வரும். நான் மனதுக்குள் அப்பாடா என்றேன்.

பதிவுப் புத்தகத்தை விரித்து டொக்டர் சிரித்தார். “ஒரே ஒரு ஓனர். அம்பத்தொண்டில இருந்து ஒரு பேர்தான். இதுதான் மாஸ்டர் இதின்ர பெறுமதி.”

பாலம்மா முந்தானையிலிருந்து அந்தப் படிவத்தை எடுத்தாள். முப்பது வருஷத்தில் மடிப்புகள் பிய்ந்திருந்தன. அதை டொக்டரிடம் கொடுக்கவில்லை.

“ஐயா, மொதல்ல என் பேருக்கு மாத்திக்கிறேங்க. பெறகு ஒங்க பேருக்கு நானே கையெழுத்துப் போட்டுத் தர்றேன். இப்ப எங்கிட்ட ஐடென்டி இருக்கு.”

டொக்டர் பொறுமையாகத்தான் விளங்கப்படுத்தினார். அப்படிச் செய்தால் புத்தகத்தில் இரண்டு ஓனர் ஆகிவிடும், அப்படியான காருக்கு இந்த விலை தரமுடியாது, அதோடு அந்த வேலை முடிய இரண்டு மாதமாவது எடுக்கும் என்றார். வெறுமையான இடத்தில் நேராகத் தன் பேரை எழுதிவிட்டால் எல்லோருக்கும் சுகம் என்றார். அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

“இவ்வளவு காலமும் ஏன் அம்மா பேர் மாத்தேல்லை?” என்று அவர் கேட்டார்.

“பிரஜாவுரிம இல்லாதவங்க பேருல எழுதுனா கார எடுத்துருவாங்கன்னு சொன்னாங்க.”

பஹ்மி சிரித்துவிட்டார். “ஆர் சொன்ன? எங்கட கராஜுக்கு அடுத்த கடை இந்தியாக்காரர்ட. இந்தியா பாஸ்போட்டோட மூணு லொறி அவர்ட பேர்ல ஓடிச்சு.”

பாலம்மா என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நல்லது. கொட்டிலின் தூணையே பார்த்துக்கொண்டு நின்றாள். என் முகம் சுட்டது. அந்தச் சூட்டை மறைக்க நான் செய்த காரியம் இன்னும் கேவலமானது. அவள் மேல் சீறினேன்.

“விசர்க் கதை கதைக்காதை பாலம்மா. ஒரு நாளைக்குப் புத்தகத்தில பேர் இருந்து என்ன காணப் போறாய்? உனக்கு வீடு வேணுமோ, பேர் வேணுமோ?”

அவள் படிவத்தைக் கையில் வைத்து மடிப்பு மடிப்பாகத் தடவிக்கொண்டிருந்தாள்.

“வீடு வேணுங்க,” என்றாள். “ஆனா ஒன்னு. இந்தக் கார நீங்க எங்க கொண்டு போயி நிப்பாட்டினாலும், இத இம்புட்டு நாளும் வச்சிருந்தது பாலம்மான்னு சொல்லணும். எனக்கு அது போதுங்க.”

“ஓம் அம்மா, கட்டாயம் சொல்லுவன். இது என்ர வாக்கு,” என்றார் டொக்டர். மனதாரத்தான் சொன்னார். நான் பக்கத்தில் நின்றவன், எனக்குத் தெரியும்.

அவர் தன் பேரை எழுதினார். பாலம்மா கடைசியாகக் காரை உசுப்பி வெளியே எடுத்துக் கொடுத்தாள். பொட்டலங்களை எல்லாம் ஒரு சாக்கில் போட்டுக் கூடவே அனுப்பினாள். மாத முடிவுக்கு நாலு நாள் இருக்க வீட்டு உறுதிப் பத்திரம் எழுதப்பட்டது. அதில் அவள் பேர் இருந்தது. நானே மூன்று தரம் வாசித்துக் காட்டினேன். சந்தோஷப்பட்டாள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டு முற்றத்தைக் கூட்டிக்கூட்டித் தேய்த்தாள்.

மூன்று வருஷம் கழித்து, 2008இல், கண்டியில் பழைய கார்களின் கண்காட்சி என்று பத்திரிகையில் ஒரு படம் வந்தது. படத்தில் நடுவில் நின்றது எங்கள் பச்சைக் கார். போய்ப் பார்க்கலாமா என்று நான்தான் கேட்டேன். என் மனச்சாட்சியை ஆற்றுகிற எண்ணம், வேறொன்றுமில்லை. அவள் காலையிலேயே தோய்ந்து, புதுச் சேலை கட்டிக்கொண்டு பஸ் ஹோல்ட்டில் நின்றாள்.

பேராதனையில் பஸ்ஸை மறித்து அடையாள அட்டை கேட்டார்கள். சண்டை நடந்த காலம். என் அட்டையில் பிறந்த இடம் சாவகச்சேரி என்று இருந்ததால் என்னை இறக்கிப் பத்து நிமிஷம் விசாரித்தார்கள். பாலம்மாவோ கேட்பதற்கு முன்பே தன் அட்டையை எடுத்து நீட்டி, பார்த்து முடிந்த பிறகும் நீட்டியபடியே இருந்தாளாம். நான் திரும்பி வந்து உட்கார்ந்ததும், “அட்டை வச்சிருந்தும் ஒங்களுக்கு இந்தப் பாடா ஐயா?” என்று கேலி செய்தாள். நல்ல நேரத்தில் கேலி.

போகம்பரை மைதானத்தில் முப்பது நாற்பது கார்கள் பளபளவென்று நின்றன. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு வெள்ளைப் பலகை, அதில் ஆங்கிலத்தில் காரின் சரித்திரம். பச்சைக் காரைக் கயிறு கட்டி மறித்திருந்தார்கள். பாலம்மா கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று சக்கரத்தைப் பார்த்தாள், இருக்கையைப் பார்த்தாள். தோல் கொஞ்சம் வெடித்திருக்கிறது, எண்ணெய் பூசவில்லை என்று முணுமுணுத்தாள்.

“பலகையில என்னங்க எழுதியிருக்கு?”

நான் வாசித்தேன். வாசித்துவிட்டு, ஒன்றுமில்லை, வருஷமும் பேரும்தான் என்று மழுப்பியிருக்கலாம். ஒருமுறை பொய் சொன்னதன் பலனை முப்பது வருஷம் பார்த்தவன் நான். அப்படியே தமிழில் சொன்னேன். 1951ஆம் ஆண்டு கார். 2005 வரை ஒரே உரிமையாளர். அவர் 1975இல் நாட்டை விட்டுப் போன பிறகு முப்பது வருஷம் யாருமே தொடாமல் ஒரு கொட்டிலில் கிடந்தது. மலைநாட்டின் குளிர்ந்த காலநிலையால் பழுதடையாமல் பாதுகாக்கப்பட்டது.

அவள் பலகையிலிருந்து காருக்குத் திரும்பினாள்.

“குளிரா ஐயா எண்ணெ பூசிச்சு?” என்றாள். “குளிரா பற்றரிய சொமந்துச்சு?”

கோபமாகக் கூடக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்பவள் போலக் கேட்டாள். டொக்டரைக் கண்டால் நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று சுற்றும் முற்றும் தேடினேன்.

தேட வேண்டிய தேவை வரவில்லை. நடுவர்கள் வந்துவிட்டார்கள். ஒவ்வொரு காரும் ஸ்டார்ட் ஆகி, மைதானத்தின் நடுவில் போட்ட கோடு வரை தன் பாட்டில் ஓடிக் காட்ட வேண்டும். டொக்டர் தொப்பியும் கழுத்துப் பட்டியுமாக வந்து பச்சைக் காரில் ஏறி ஸ்டார்ட்டர் குமிழைப் பிடித்தார். இழுத்தார். கார் இருமியது. திரும்ப இழுத்தார். திரும்ப இருமியது. ஏழெட்டுத் தரம் இழுத்த பிறகு இருமலும் நின்று, பெற்றோல் மணம் மட்டும் வந்தது. அடுத்த காருக்குப் போகலாமா என்று நடுவர் ஒருவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பஹ்மியும் அங்கே இருந்தார். எஞ்சின் மூடியைத் திறந்து குனிந்தவர், நிமிர்ந்தபோது எங்களைக் கண்டார்.

“டொக்டர், அந்தா அந்த அம்மா நிக்கிறாங்க. அவங்கள்ட்ட கேளுங்க.”

டொக்டருக்கு முகம் மலர்ந்துவிட்டது. கயிற்றைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். “அம்மா, நல்ல வேளை வந்தீங்கள். நீங்கள் எப்பிடி இதை ஸ்டார்ட் பண்ணுவீங்கள்? ஒருக்கால் சொல்லுங்கோ.”

பாலம்மா அவரைப் பார்த்து மரியாதையாகக் கும்பிட்டாள்.

“எனக்கு என்னங்க தெரியும்? அது யாரும் தொடாமக் கெடந்த காருங்களே.”

டொக்டர் பலகையைத் திரும்பிப் பார்த்தார். அது சங்கத்து ஆட்கள் எழுதியது என்று தொடங்கினார், தொடங்கியதை முடிக்கவில்லை. கெட்ட மனிதன் அல்ல. கொடுத்த வாக்கை மறந்த மனிதன், என்னைப் போல. அவர் தன் சட்டைப்பையிலிருந்து ஒரு தடித்த கறுப்புப் பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“மாஸ்டர், நீங்களே எழுதுங்கோ. என்ன எழுத வேணுமோ எழுதுங்கோ.”

நான் பலகைக்கு முன்னால் முழங்காலில் இருந்தேன். யாரும் தொடாமல் கிடந்தது என்ற வரியையும் குளிர் என்ற வரியையும் வெட்டினேன். 1975 முதல் 2005 வரை இந்தக் காரின் சொந்தக்காரி புசல்லாவை பாலம்மா, பழுதடையாமல் வைத்திருந்ததும் அவர்தான் என்று ஆங்கிலத்தில் எழுதினேன். அவள் சொல்லாமலே கீழே தமிழிலும் எழுதினேன். எழுத்துக் கோணிப்போயிற்று. கரும்பலகையில் நாற்பது வருஷம் எழுதிய கை.

“பாலம்மா, எழுதிப்போட்டன். வந்து பாருங்கோ,” என்றேன். என் வாயில் அவளுக்கு மரியாதை வந்தது அதுதான் முதல் தடவை.

அவள் குனிந்து தமிழ் வரியை எழுத்துக் கூட்டி வாசித்தாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்க் காரில் ஏறி உட்கார்ந்தாள். உடனே எதையும் தொடவில்லை. நடுவர்கள் அவசரப்படுத்தினார்கள். “இப்பிடிப் போட்டு இழுத்தா அதுக்கு மூச்சு முட்டிப் போகுங்க. கொஞ்சம் சும்மா விடுங்க,” என்று சொல்லிவிட்டு, மடியிலிருந்து வெற்றிலையை எடுத்து, மெதுவாகச் சுண்ணாம்பு தடவி, மடித்து வாயில் போட்டு மென்றாள். முப்பது வருஷமும் அந்த நேரக் கணக்குக்கு அவள் பாவித்தது வெற்றிலைதான். மென்று முடிந்ததும் சாவியைத் திருப்பினாள். உள்ளே எங்கேயோ டிக் டிக் டிக் என்று கேட்டது. டொக்டர் இழுக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். அவள் தலையை ஆட்டினாள். டிக் டிக் தானாக நின்றது. அதற்குப் பிறகுதான் இழுத்தாள். ஒரே இழுவை.

கார் நிதானமாக உறுமியது. சனம் கைதட்டியது. நடுவர் கோட்டைக் காட்டி வரச் சொன்னார். பாலம்மா நேரே பார்த்தபடி பத்தடி முன்னே விட்டாள். நிறுத்தினாள். பத்தடி பின்னே எடுத்தாள். பலகைக்கு முன்னால், நின்ற அதே இடத்தில், கொண்டுவந்து நிறுத்தினாள். கொஞ்சப் பேர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எஞ்சினை அணைக்காமல் இறங்கி, “இனி நீங்க ஓட்டுங்க,” என்று டொக்டரிடம் விட்டாள்.

டொக்டருக்குப் பரிசு கிடைத்ததா என்று தெரியாது. நாங்கள் அதுவரை நிற்கவில்லை. புசல்லாவை பஸ் கம்பளையைத் தாண்டும்வரை அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். சரி, என் கடன் தீர்ந்தது, இனி நிம்மதி என்று நான் கண்ணை மூடினேன்.

“ஐயா,” என்றாள். நான் கண்ணைத் திறந்தேன். என் சட்டைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்தக் கடுதாசியோட மொதல்ல ஒங்க வாசலுக்கு வந்தேனே, அன்னிக்கும் ஒங்க சட்டப்பையில பேனா இருந்திச்சுங்க.”

குரலில் ஒரு கோபமும் இல்லை. கொண்டக்டர் வந்தான். புசல்லாவைக்கு இரண்டு டிக்கெட் எடுத்தேன்.